வேலியோரப் பயறினங்களைக் களையென்று தள்ளாதீர்!

புதுக்கடை, முஞ்சிறை, தேங்காப்பட்டணம் பகுதிகளில் பழைய மண் கையாலைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன. கையாலை இருந்த இடத்தில் சிமென்ட் மதில் எழுகிறது. மதில் கட்டுவது அவரவர் வசதி. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கையாலை போகும்போது அதில் படர்ந்திருந்த சங்குப்பூக் கொடி, அடியில் நின்ற கொழுஞ்சி, ஓரத்தில் பரவியிருந்த சிறுபுள்ளடி ஆகியவையும் சேர்ந்து போய்விடுகின்றன. மிச்சம் இருப்பவற்றைக் களைக்கொல்லி தீர்த்துவிடுகிறது. போனவை என்னவென்று பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அடுத்த பருவத்தில் யூரியா மூட்டைக்கு வரிசையில் நிற்கும்போது மட்டும் உரச் செலவு கூடிவிட்டதே என்று கவலைப்படுகிறோம். இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு.

மேலே சொன்ன செடிகள் எல்லாம் பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. உளுந்து, பச்சைப்பயறு, காணம், அவரை ஆகியவற்றின் காட்டு உறவுகள் என்று வைத்துக்கொள்ளலாம். உலகில் இக்குடும்பத்தில் ஏறக்குறைய 20,000 வகைத் தாவரங்கள் உள்ளன. தரையோடு ஒட்டிக் கிடக்கும் சிறுபுள்ளடியும், வானளாவும் வேங்கை மரமும் இதில் அடக்கம். கடற்கரை மணலிலும் சேற்றிலும் செம்மண் மேட்டிலும் மலைக்காட்டிலும் வெவ்வேறு பயறினங்கள் வளர்கின்றன. எந்த இடத்தில் எது தானாக வளர்கிறது என்பதைக் கவனித்தால், நம் மண்ணுக்கு ஏற்ற பசுந்தாள் உரச் செடி எது என்பதும் தெரியவரும். இதைச் சொல்லவே இக்கட்டுரை.

வேரில் ஓர் உரத் தொழிற்சாலை

காற்றில் 78 சதம் நைட்ரஜன்தான். இருந்தும் நெல்லோ வாழையோ அதை நேரடியாக எடுத்துக்கொள்ள இயலாது. பயறுச் செடிகளின் வேர் முடிச்சுகளில் தங்கும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தழைச்சத்தாகக் கொடுக்கிறது. செடி அதற்குக் கைம்மாறாகச் சர்க்கரையைக் கொடுக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் இரு விஞ்ஞானிகள் 1880களில் இதை மெய்ப்பித்தார்கள். 1888-ல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பெய்ஜரிங்க் அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்தார்.

முடிச்சு வேலை செய்கிறதா என்பதை உழவரே சோதிக்கலாம். செடியை வேர் அறாமல் மண்வெட்டியால் தோண்டி எடுத்து, நீரில் அலசி, ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து உற்பத்தியாகிறது என்று பொருள். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் பயனில்லை. நூற்புழு தாக்கினாலும் வேரில் முடிச்சு உண்டாகும். அது வேரே வீங்கியதாக இருக்கும். தனியே பிரிந்து வராது. நல்ல முடிச்சோ வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும்.

கடலோரம் முதல் மலை வரை

கன்னியாகுமரி மாவட்டம் சிறியது. ஆயினும் கடலும் மலையும் இவ்வளவு நெருங்கியிருப்பதால் பலவகை நிலங்கள் இதில் உள்ளன. காலையில் தேங்காப்பட்டணம் கடற்கரையில் புறப்படுபவர் மாலைக்குள் பேச்சிப்பாறை மலையடிவாரத்தைப் பார்த்துத் திரும்பலாம். வழியில் பயறினங்கள் மாறிக்கொண்டே வரும்.

கடற்கரை மணலில் அடம்பங்கொடியோடு சேர்ந்து, வாளவரையின் உறவான ஒரு கொடி இளஞ்சிவப்புப் பூக்களோடு படரும். இதன் தடித்த இலைகள் உப்புக் காற்றையும் சுடுமணலையும் தாங்கும். விதைகள் கடல்நீரில் மிதந்து வேறு கரைகளில் ஒதுங்கி முளைக்கும். நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் கழற்சிக்காயும் இப்படி மிதந்து பரவும் இனமே. மேற்குக் கரையின் கழிமுகங்களில், உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில், கண்டல் மரங்களின் மீது ஏறும் மூவிலைக் கொடி ஒன்றும் உண்டு. இவ்வினத்தை மீன் மயக்கப் பயன்படுத்திய வழக்கம் பல நாடுகளில் இருந்தது.

கரையை விட்டு உள்ளே வந்தால் குளங்களிலும் தாழ்ந்த ஏலாக்களிலும் நெட்டி நிற்கும். இதன் தண்டு தக்கை போன்றது; தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இந்த இனமே. வேரோடு நில்லாமல் நீரில் மூழ்கிய தண்டிலும் முடிச்சு விடும் திறமை இதற்கு உண்டு. நீர் தேங்கும் இடத்தில் மண்ணுக்குள் காற்றோட்டம் குறைவு. எனவே தண்டில் முடிச்சு விடும் செடி அங்கே பிழைத்துக்கொள்கிறது. இதே குணம் ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டிலிருந்து வந்த மணிலா அகத்திக்கும் இருப்பதால்தான் அது வயலுக்குப் பசுந்தாளாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

புதுக்கடையைச் சுற்றியுள்ள செம்மண் மேடுகளிலும் விளைகளிலும் கொழுஞ்சி, கிலுகிலுப்பை, சங்குப்பூ, குன்றிமணி, ஓரிலை, மூவிலை போன்றவை வளரும். ஓரிலையும் மூவிலையும் வைத்தியர்கள் தேடும் மூலிகைகள். இவற்றின் காய்கள் ஆடு மாடுகளின் ரோமத்திலும் நம் வேட்டியிலும் ஒட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகும். கொழுஞ்சியோ காய் முற்றியதும் வெடித்துச் சிதறி, தாய்ச் செடியைச் சுற்றியே முளைக்கும். ஆகவே கொழுஞ்சி ஒருமுறை அழிந்த இடத்தில் தானாகத் திரும்பி வருவது அரிது.

கிழக்கே ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் காட்சி முழுவதும் மாறிவிடும். மலை மறைப்பதால் அங்கே தென்மேற்குப் பருவமழை குறைவு, காற்று அதிகம். குடை விரித்தாற்போல் நிற்கும் உடை மரம் அங்கே வளர்கிறது. அதன் நெற்றும் தழையும் ஆடுகளுக்குத் தீவனம். ஈரம் மிகுந்த விளவங்கோட்டில் காணாத முள் மரப் பயறினம், வறண்ட தோவாளைப் பக்கம் இயல்பாக நிற்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் இவ்வளவு வேறுபாடு!

மலைக்காட்டில் வேங்கையும் ஈட்டியும் மரமாக நிற்க, பூனைக்காலி கொடியாக ஏறும். ஒரு மீட்டருக்கு மேல் நீளமான காயும் உள்ளங்கையை நிரப்பும் அரக்கு நிற விதையும் கொண்ட பெருங்கொடி ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் உண்டு. தாவர நூலார் அதற்கு இட்ட பெயர் 'என்டாடா ரீடி' என்பதாகும். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த ஹென்றிக் வான் ரீட் என்பவரின் நினைவாக அமைந்த பெயர் அது. மலபார்க் கரையின் செடிகொடிகளைப் பற்றி இட்டி அச்சுதன் என்னும் வைத்தியர் முதலானோர் உதவியுடன் அவர் தொகுத்த 12 தொகுதிகள் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாயின. நம் வட்டாரத்துச் செடிகளில் பலவும் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்நூலில் படத்தோடு ஏறிவிட்டன.

எந்த நிலத்துக்கு எது?

நிலத்துக்கு ஏற்ற இனத்தைத் தேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. நீர் தேங்கும் வயலுக்குத் தக்கைப்பூண்டு பொருந்தும். சணப்பை அங்கே அழுகிவிடும். கும்பப்பூ அறுவடைக்குப் பின் மாசி, பங்குனி மாதங்களில் வறண்டு கிடக்கும் வயலுக்குக் கொழுஞ்சி ஏற்றது. அறுவடை ஈரத்திலேயே முளைத்து, வெயிலைத் தாங்கி நிற்கும். ஆடு மாடுகள் இதை விரும்பி மேய்வதில்லை. எனவே வேலியில்லாத ஏலாவிலும் தப்பிவிடும். காய் முற்றவிட்டால் விதை உதிர்ந்து, அடுத்த ஆண்டு விதைக்காமலே முளைக்கும்.

கொழுஞ்சி விதையின் தோல் கடினமானது. அப்படியே விதைத்தால் பல விதைகள் முளைக்கா. விதையை ஆற்று மணலோடு சேர்த்துத் தேய்த்தோ, 55 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்தோ விதைக்க வேண்டும். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். தக்கைப்பூண்டுக்கு 20 கிலோ தேவைப்படும்.

இதில் கிடைக்கும் பயனைக் கணக்குப் பார்ப்போம். ஏக்கருக்கு 2,500 கிலோ பச்சைக் கொழுஞ்சித் தழை கிடைப்பதாகக் கொள்வோம். உலர்ந்தால் அதில் கால் பங்கு, அதாவது 625 கிலோ மிஞ்சும். அதில் 3 சதம் தழைச்சத்து என்றால் ஏறக்குறைய 19 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பது சுமார் 21 கிலோ. ஆக, ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியாவுக்குச் சற்றுக் குறைவான தழைச்சத்து வயலிலேயே விளைகிறது. இதில் ஒரு பங்கு மண்ணிலிருந்து செடி எடுத்ததுதான். முழுவதும் காற்றிலிருந்து வந்ததல்ல. ஆனாலும் மழையில் கரைந்து ஓடிவிடாமல், மண்ணை இளக்கி, ஈரம் காக்கும் மக்காகவும் இருப்பது யூரியாவால் ஆகாத காரியம்.

தென்னந்தோப்பில் அடிப்பாத்திகளில் பருவமழைத் தொடக்கத்தில் தட்டைப்பயறோ சணப்பையோ விதைத்து, பூக்கும் தருணத்தில் அங்கேயே மடக்கி மண்ணில் சேர்த்துவிடலாம். தோப்பின் எல்லையில் கிளைரிசிடியா எனப்படும் சீமைக்கொன்றைப் போத்துகளை நட்டால் வேலியும் ஆயிற்று, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வெட்டித் தழையும் இடலாம். மரச்சீனி நட்ட சரிவான விளைகளில் மண் அரிப்பு அதிகம். அங்கே வரம்பின் குறுக்கே இத்தழை வேலியை அமைத்தால் மண்ணும் நிற்கும்.

இளம் ரப்பர்த் தோட்டங்களில் மூடுபயிராகப் பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய கொடிகள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. அண்மைக் காலத்தில் வடகிழக்கு இந்தியக் காடுகளைச் சேர்ந்த மியூகுனா பிராக்டியேட்டா என்னும் கொடி பரவியிருக்கிறது. நம் பூனைக்காலிக்கு உறவான இது நிழலிலும் கோடையிலும் பசுமையாக நிற்கும். ஆனால் ஆக்ரோஷமாக ஏறும் கொடி. ரப்பர்க் கன்றின் தூரைச் சுற்றி அடிக்கடி அறுத்துவிட வேண்டும். பக்கத்து விளையின் பலா, மா மரங்களிலும் அண்டைக் காட்டிலும் ஏறவிடக் கூடாது.

எல்லாப் பயறினமும் தழைச்சத்து தராது

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். காய் பயறு போலிருந்தால் வேரில் முடிச்சும் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். புளி, சரக்கொன்றை, ஆவாரை, தகரை ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். ஆனால் இவற்றின் வேரில் முடிச்சு உண்டாவதில்லை. இவற்றின் தழையை வெட்டி வயலுக்கு இடுவது நல்லதே. ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜனை இவை பிடித்துத் தருவதில்லை. முடிச்சு விடும் மரம் வேண்டுமென்றால் புங்கு, கல்யாண முருங்கை, சீமைக்கொன்றை, அகத்தி ஆகியவற்றை நட வேண்டும்.

முடிச்சு விடும் செடியும் எல்லா மண்ணிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. நம் செம்புரை மண் புளிப்பு மிகுந்தது. இம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணிச்சத்து இல்லாவிட்டால் முடிச்சு வலுக்காது. எனவே மண் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் சுண்ணாம்பு இட்டு, பசுந்தாள் செடிக்கே அடியுரமாகப் பாறை பாஸ்பேட் இடுவது நல்லது. புளிப்பு மண்ணில் பாறை பாஸ்பேட் மெல்லக் கரைந்து பயன் தரும்.

புதிய நிலத்தில் பயறு விதைப்பவர்கள் ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையோடு புரட்டி, அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். பொட்டலத்தை வெயிலில் வைக்கக் கூடாது. காலாவதித் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும். வெப்பநாட்டுக் காட்டுப் பயறுகள் பலவற்றில் வாழும் ரைசோபியம், தட்டைப்பயறில் வாழும் அதே கூட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே வேலியோரத்தில் காட்டுப் பயறு நிற்கும் நிலத்தில் இந்த நுண்ணுயிரும் உயிரோடிருக்க வாய்ப்புண்டு. வேலியைச் சுத்தமாக வழித்தால் அதற்கும் இடமில்லாமல் போகும்.

காட்டுச் செடியால் நாட்டுப் பயறுக்கு உதவி

'களைக்கும் பயனுண்டோ?' என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள். பச்சைப்பயறை வீட்டில் சேமித்தால் வண்டு துளைத்து மாவாக்கிவிடுவதை நாம் அறிவோம். மடகாஸ்கர் தீவில் எடுத்த காட்டுப் பச்சைப்பயறு ஒன்றில் இவ்வண்டுக்கு எதிர்ப்புத் தன்மை இருப்பது தெரியவந்தது. அதன் பிறகு பயிர் இன ஆராய்ச்சியாளர்கள் அதைப் பல நாடுகளில் பயன்படுத்தி வருகிறார்கள். ஓரத்தில் கிடந்த ஒரு கொடி ஆராய்ச்சிக்கு அடிப்படையாகிவிட்டது.

துவரையின் கதையும் இதுபோன்றதே. துவரையில் வீரிய ஒட்டு ரகம் உருவாக்குவது நெடுங்காலம் கைகூடவில்லை. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1972-ல் தொடங்கிய இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தார், நம் நாட்டுக் காட்டுத் துவரை ஒன்றின் ஆண் மலட்டுத் தன்மையைப் பயன்படுத்தி வழி கண்டார்கள். அவ்வழியில் உருவான ஐ.சி.பி.எச். 2671 என்னும் வீரிய ஒட்டு 2010-ல் மத்தியப் பிரதேசத்தில் வெளியிடப்பட்டது. துவரையின் வேறு காட்டு உறவுகள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உள்ளன. அவற்றில் என்ன குணம் ஒளிந்திருக்கிறதென்று நாளைய ஆராய்ச்சிதான் சொல்ல வேண்டும். அதற்குச் செடி உயிரோடிருக்க வேண்டுமல்லவா?

எச்சரிக்கை தேவை

காட்டுப் பயறு என்றால் வீட்டுப் பயறு போல் உண்ணலாம் என்று எண்ணிவிடக் கூடாது. குன்றிமணி விதையை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூனைக்காலியின் காய்ச் சுணை பட்டால் தாங்க முடியாத அரிப்பு உண்டாகும். மலையில் வாழும் காணிக்காரர்கள் பூனைக்காலி விதையை உணவாகக் கொள்வதுண்டு. ஆனால் பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை வடித்துக் கொட்டிய பிறகே உண்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் பழகிய பக்குவம் அது. அதை அறியாமல் நாம் முயல்வது தகாது.

வந்தேறி இனங்களையும் அடையாளம் காண வேண்டும். தொட்டாற்சிணுங்கி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதன் பெரிய வகையான முள்கொடி தோட்டத்தையே மூடிவிடும்; கால்நடைக்கும் நல்லதல்ல. சீமைக்கருவேல் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இவற்றை விதை விழும் முன்பே வேரோடு களைய வேண்டும். முன்பு சொன்ன நம் ஊர்ச் செடிகளையும் இவற்றோடு சேர்த்து அழித்துவிடுவதுதான் தவறு.

உழவர்கள் செய்யத் தக்கவை

முதலாவதாக, வேலியையும் வரப்பையும் முழுவதும் வழிக்காமல், ஒரு பக்கத்துக் கையாலையாவது செடிகொடியோடு விட்டுவையுங்கள். களைக்கொல்லி தெளிப்பவர்கள் ஓரத்தில் மூன்று அடி விட்டுத் தெளித்தாலே போதும்.

இரண்டாவதாக, வரப்பை வெட்டும்போது பூத்து நிற்கும் கொழுஞ்சியையும் நரிப்பயறையும் காய் முற்றும்வரை விட்டு, விதை எடுங்கள். ஒரு படி விதை சேர்ந்தால் அடுத்த கோடைக்குக் கடைக்கு அலைய வேண்டாம். காய் வெடிக்கும் முன் காலை வேளையில் பறித்து, துணி விரித்து உலர்த்த வேண்டும்.

மூன்றாவதாக, காப்புக் காட்டிலிருந்து அனுமதியின்றி விதையோ கொடியோ எடுக்காதீர்கள். அது சட்டத்துக்கு விரோதம், தேவையும் இல்லை. உங்கள் விளைக்கு ஏற்றது உங்கள் விளையின் ஓரத்திலேயே இருக்கும்.

நான்காவதாக, ஐயம் ஏற்பட்டால் செடியைப் பூ, காய், வேருடன் எடுத்துச் சென்று வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள். திருப்பதிசாரத்திலும் பேச்சிப்பாறையிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. அங்கே கேட்டும் தெளிவு பெறலாம்.

ஏலாக்கள் வாழைக்கும் தென்னைக்கும் வீட்டுக்கும் மாறிவிட்ட காலம் இது. கோடையில் வயல் முழுவதும் கொழுஞ்சி நின்ற காட்சியை இனிக் காண்பது கடினம். இருக்கின்ற சிறு நிலத்திலும் வேலியோரத்திலும் அதற்குச் சற்று இடம் கொடுத்தால் விதை அற்றுப்போகாமல் காக்கலாம். அடுத்த முறை வெட்டுக்கத்தியோடு வேலிக்குப் போகும்போது, வெட்டுவதற்கு முன் ஒரு செடியைத் தோண்டி வேரைப் பாருங்கள். முடிச்சு சிவந்திருந்தால் அந்தச் செடியை விட்டுவையுங்கள்.